ஓடாத பாட்டை மறுபடி வெளியிட்டால் ஓடுமா? ஆ-ஹா கதையைச் சொல்லியே எங்கள் பாடகர் உயிரை எடுக்கிறார்

குடந்தை கீபோர்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருக்கிறோம். பாப் ராக் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம், தெருவில் "அந்த கிதார் பசங்க" என்கிறார்கள். டிரம்ஸ் வாசிப்பவன் பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறான், கிதார் இப்போது திருச்சியில் வேலை, பாடகர் எங்களைவிட ஆறு வயது மூத்தவர், பாபநாசத்தில் டியூஷன் எடுக்கிறார். நான் கீபோர்டு.

போன தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் எங்கள் முதல் பாட்டை சிங்கிளாக வெளியிட்டோம். கடைசி பஸ்ஸை விட்டவன் அணைக்கரைப் பாலத்தில் ராத்திரி நடந்து வருவதுதான் பாட்டு. இன்றுவரை 437 தடவை ஓடியிருக்கிறது, அதில் பாதி நாங்களும் எங்கள் அம்மாக்களும். பாட்டு மோசம் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் விஷயம். மிக்ஸ் செய்து கொடுத்த இடத்தில் (பெயர் வேண்டாம்) குரலை எங்கோ கிணற்றுக்குள் வைத்துவிட்டார்கள், அதையும் நாங்கள் அவசரத்தில் சரி என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். தப்பு எங்கள் மேலும் இருக்கிறது.

இப்போது பாடகர் இதே பாட்டைத் திரும்பப் பதிவு செய்து மறுபடி வெளியிடலாம் என்கிறார். கேட்டால் நார்வேயின் ஆ-ஹா பேண்ட் "டேக் ஆன் மீ" பாட்டை மூன்று தடவை வெளியிட்டுத்தான் ஜெயித்தார்கள் என்கிறார். டிரம்மர் "செத்த மாட்டுக்கு எத்தனை தடவை லாடம் அடிப்பது, புதுப் பாட்டு போடுவோம்" என்கிறான். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. அந்த மூன்று தடவைக் கதை உண்மைதானா? உண்மை என்றால் அவர்கள் ஒவ்வொரு தடவையும் எதை மாற்றினார்கள்? எங்களிடம் இருப்பது மொத்தம் 18 ஆயிரம் ரூபாய்.

பழைய கேசட் எழுதியது:

தம்பி, கதை உண்மைதான். ஆனால் உங்கள் பாடகர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

நான் மாயவரத்தில் கேசட்டில் பாட்டு பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தவன். ஜனங்கள் நோட்டுத்தாளில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள், 60 நிமிடக் கேசட்டா 90-ஆ என்று கேட்டு வாங்கி வைத்து, சாயங்காலம் வரச்சொல்லுவோம். இங்கிலீஷ் பாட்டு கேட்டு வருபவர்கள் மாதத்துக்கு நாலைந்து பேர், எல்லாம் வீட்டில் யாராவது சிங்கப்பூரில் இருப்பவர்கள். அப்படி ஒருவர் கொண்டுவந்த கேசட்டில்தான் இந்தப் பாட்டை முதலில் கேட்டேன். உறையில் ஆ-ஹா என்று போட்டிருந்ததைப் பார்த்து, பாட்டு நன்றாக இருக்கிறது என்று யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்! பேரே அதுதான் என்று அப்புறம் தெரிந்தது. கிதார்க்காரர் பால் வாக்டாரின் பாட்டு நோட்டில் இருந்த ஒரு வார்த்தை, பாடகர் மோர்டன் ஹார்கெட்டின் கண்ணில் பட்டு அதையே பேராக வைத்துக்கொண்டார்களாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வரும் கீபோர்டு துணுக்கு இருக்கிறதே, அது ஆ-ஹா என்ற பேண்டே உருவாவதற்கு முன்னால் வந்தது. கீபோர்டு மாக்னே ஃபுருஹோல்மனும் வாக்டாரும் பையன்களாக இருந்தபோது பிரிட்ஜஸ் என்று ஒரு பேண்ட் வைத்திருந்தார்கள், அப்போதே மாக்னே அதை வாசித்திருக்கிறார். ஒரு சூயிங்கம் பேரை வைத்து அதை அழைத்திருக்கிறார்கள். ரொம்ப இனிப்பாக இருக்கிறது, நம் பேண்டுக்கு ஒத்துவராது என்று ஓரமாக வைத்துவிட்டார்கள். ஹார்கெட் வந்து சேர்ந்தபிறகுதான் அதை மறுபடி எடுத்தார்கள். வேறு பேர், வேறு வரிகள், துணுக்கு மட்டும் அதே. அப்புறம் லண்டன் போய், கையில் காசில்லாமல் கஷ்டப்பட்டு, வார்னர் கம்பெனியில் ஒப்பந்தம் கிடைத்தது.

1984-ல் முதல் வெளியீடு, டோனி மான்ஸ்ஃபீல்ட் தயாரிப்பு. நார்வேயின் பாட்டு விற்பனைப் பட்டியலில் 3-ஆம் இடம் வரைக்கும் போனது, சொந்த ஊர்க்காரன் கை கொடுத்தான். பிரிட்டனில் 137-ஆம் இடம், அதாவது யாரும் கண்டுகொள்ளவில்லை. கம்பெனி ஆலன் டார்னி என்பவரை வைத்து முழுக்கத் திரும்பப் பதிவு செய்தது. இன்றைக்கு நாம் கேட்பது அதுதான், ரோலண்ட் ஜூனோ-60 கீபோர்டு, லின்டிரம் என்ற டிரம் மெஷின். இங்கேதான் உங்கள் பாடகர் விட்டுவிட்ட பாதி வருகிறது. அந்த நல்ல பதிவையும் பிரிட்டனில் வெளியிட்டார்கள், அதுவும் படுத்துவிட்டது! பதிவு நன்றாக ஆனதால் மட்டும் ஓடவில்லை தம்பி, குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம்தான் அமெரிக்காவில் இருந்த வார்னர் ஆட்கள் வீடியோவில் பணத்தை இறக்கினார்கள். முதல் வீடியோவில் நீலப் பின்னணியில் மூன்று பேரும் நின்று பாடுவார்கள், அவ்வளவுதான். இரண்டாவதை ஸ்டீவ் பேரன் இயக்கினார். காபிக் கடையில் ஒரு பெண் காமிக்ஸ் படித்துக்கொண்டிருக்க, பென்சில் படத்துக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து அவளை உள்ளே இழுக்கும். நிஜமாகப் படம்பிடித்து, அப்புறம் ஒவ்வொரு ஃபிரேமாகக் காகிதத்தில் பென்சிலால் வரைந்தார்கள். மைக்கேல் பேட்டர்சன், கேண்டஸ் ரெக்கிங்கர் என்ற இரண்டு பேர், சுமார் 3000 ஃபிரேம், 16 வாரம் ஆனதாம். எம்டிவியில் அதைப் போட்டுத் தேய்த்தார்கள். 1985 அக்டோபரில் அமெரிக்காவில் 1-ஆம் இடம், அதே பிரிட்டனில் இந்தத் தடவை 2-ஆம் இடம். மறுவருடம் எம்டிவி விருதில் ஆறு விருது.

ஆக ராகத்தைத் தொடவில்லை. ஒரு தடவை பதிவை மாற்றினார்கள், ஒரு தடவை பாட்டை ஜனங்கள் கண்ணில் படவைக்கும் வழியை மாற்றினார்கள். உங்கள் பாட்டில் எது சரியில்லை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். குரல் கிணற்றுக்குள் இருக்கிறது என்கிறீர்கள், சரி. ஆனால் கேட்டவர்களில் எத்தனை பேர் பாதியில் நிறுத்தினார்கள், எத்தனை பேருக்குப் பாட்டே போய்ச்சேரவில்லை?

கடைமடை எழுதியது:

பெரியவர் கதையை அழகாகச் சொல்லிவிட்டார், ஆனால் தலையில் தண்ணீர் தெளிக்க ஒரு ஆள் வேண்டுமே, அதனால் எழுதுகிறேன். ஆ-ஹா மூன்று தடவை வெளியிட்டு ஜெயித்ததால் நமக்குத் தெரிகிறது. மூன்று தடவை வெளியிட்டு மூன்று தடவையும் படுத்தவர்கள் பேர் நமக்குத் தெரியாது, அவர்களைப் பற்றி யாரும் இப்படி உட்கார்ந்து எழுதமாட்டார்கள். அப்புறம், அவர்களுக்குப் பின்னால் வார்னர் இருந்தது. உங்கள் பின்னால் 18 ஆயிரம்.

எங்கள் ஊர் தலைஞாயிறு பக்கம். ஜூன் 12-ல் மேட்டூரில் ஷட்டரைத் திறந்து பூத்தூவி போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்தத் தண்ணீர் கல்லணை வந்து, வெண்ணாறு பிரிந்து, வாய்க்கால் தூர்வாரியிருந்தால் எங்கள் வயலுக்கு வரும், இல்லையென்றால் வராது. நீங்கள் திறந்தது மேட்டூர். வாய்க்கால் வெட்டினீர்களா? பட்டாசுச் சத்தத்துக்கும் தீபாவளிப் படங்களின் பாட்டுகளுக்கும் நடுவில் புது பேண்டின் பாட்டை யார் தேடுவார்கள்? நான் உங்கள் டிரம்மர் கட்சி. புதுப் பாட்டு போடுங்கள்.

குடந்தை கீபோர்டு எழுதியது:

கேசட் ஐயா, ரொம்ப நன்றி. நல்ல பதிவும் படுத்தது என்ற விஷயத்தை இன்று காலை பாடகரிடம் சொன்னேன், ஐந்து நிமிடம் பேசவில்லை. கடைமடை அண்ணே, உங்கள் பதிலை டிரம்மர் ஸ்டேட்டஸாகவே வைத்துவிட்டான்.

எத்தனை பேர் பாதியில் நிறுத்தினார்கள் என்று பார்த்தேன். கேட்டவர்களில் பெரும்பாலானவர்கள் முழுதாகத்தான் கேட்டிருக்கிறார்கள். அம்மாக்களைக் கழித்தாலும்.

விநியோகப் பையன் எழுதியது:

தஞ்சாவூர்க்காரன், இப்போது சென்னையில் பாடல் விநியோக வேலையில் இருக்கிறேன், அதனால் கதையை விட்டுவிட்டு வேலை விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

மறுபடி வெளியிடுவது என்பதில் இரண்டு விதம் இருக்கிறது. பழைய பதிவையே திரும்ப ஏற்றினால் அதே ஐஎஸ்ஆர்சி எண்ணைக் கொடுக்க வேண்டும், அந்த 12 எழுத்து எண் பதிவுக்கு உரியது, பாட்டுக்கு உரியது இல்லை. புதிதாகப் பாடி வாசித்துப் பதிவு செய்தால் அது வேறு பதிவு, புது எண். பழைய 437 அதோடு சேராது, உங்கள் விஷயத்தில் அது பெரிய நஷ்டம் இல்லை என்று நினைக்கிறேன் (கோபித்துக்கொள்ளாதீர்கள்). பழையதை அவசரப்பட்டு நீக்கவும் வேண்டாம், நாலு பேர் லிஸ்டில் வைத்திருந்தால் அதுவும் போய்விடும்.

புதுப் பதிவில் ஒரு லாபம் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் வெளியான பாட்டை அவர்களுடைய பிளேலிஸ்ட் ஆட்களுக்கு அனுப்ப முடியாது, வெளிவராத பாட்டை மட்டும்தான் அனுப்ப முடியும். குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பினால் உங்களைப் பின்தொடர்பவர்களுக்கு ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டு லிஸ்டிலாவது வரும். நான் என்றால் மூன்று நாலு வாரம் முன்னால் ஏற்றிவிடுவேன். நீங்கள் போன தடவை எத்தனை நாள் முன்னால் ஏற்றினீர்கள்? முந்தின நாள் ராத்திரி என்று சொல்லாதீர்கள். கிழமையைப் பொறுத்தவரை வெள்ளி, 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க அதுதான் வழக்கம்.

காசு வரும் என்று எண்ணவேண்டாம். 2024-லிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 தடவை ஓடினால்தான் அதற்கு ராயல்டியே கணக்கில் வரும். ஆனால் இப்போதே ஒரு வேலை செய்யுங்கள், வரி எழுதியது யார், மெட்டு போட்டது யார், பங்கு எவ்வளவு என்று நாலு பேரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து போட்டுக்கொள்ளுங்கள், முடிந்தால் எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ஐபிஆர்எஸ்-ல் (அவர்களுக்கு ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் சங்கம்) உறுப்பினராகுங்கள். "டேக் ஆன் மீ"யில் மூன்று பேர் பெயரும் எழுதியவர்கள் என்று இருக்கிறது. பாட்டு ஓடாதவரை எல்லாரும் நண்பர்கள்தான், ஓடிவிட்டால் நானும் நீயும் என்று ஆகிவிடும், இதை நான் வேலையில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

குடந்தை கீபோர்டு எழுதியது:

முந்தின நாள் ராத்திரி 11.40-க்கு ஏற்றினோம். வெள்ளிக்கிழமையும் இல்லை.

தவில் வீட்டுப் பிள்ளை எழுதியது:

கேசட் ஐயாவிடம் ஒரு இடத்தில் ஒத்துப்போக மாட்டேன். வீடியோதான் தூக்கியது என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். பென்சில் படம் எல்லாம் சரி, ஆனால் அதைப் பார்த்தவன் இரண்டாம் தடவை பார்க்க வந்தது பாட்டுக்காக. 2017-ல் நார்வேயில் கிஸ்கே என்ற தீவில் உட்கார்ந்து இந்தப் பாட்டை மெஷின் எதுவும் இல்லாமல், வேகத்தைக் குறைத்து, கிட்டத்தட்ட தாலாட்டு மாதிரி வாசித்தார்கள். கேட்டுப்பாருங்கள். துள்ளல் போய்விட்டது, டிரம் மெஷின் போய்விட்டது, அப்படியும் பாட்டு நிற்கிறது. பழைய பதிவு நிமிடத்துக்கு 169 அடி வேகம், அந்த ஓட்டத்தில் நமக்குத் தெரியாத ஒரு சோகம் மெதுவாக வாசிக்கும்போது தெரிகிறது. பல்லவி ஒவ்வொரு படியாக ஏறி ஏறிக் கடைசியில் கள்ளக்குரலில் போய் உச்சியைத் தொடுகிறதே, தொடக்கத்தில் பாடும் சுரத்திலிருந்து அதற்கு இரண்டரை ஸ்தாயி. மூச்சு பிடித்து வாசிக்கிற எங்கள் ஆட்களுக்கே அந்த ஏற்றம் புரியும். என் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன், இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது, கடைசிச் சுரம் வந்ததும் தலையை ஆட்டினார்.

அதனால் காசு செலவு பண்ணுவதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். கீபோர்டு துணுக்கு ஒன்று உங்கள் பாட்டில் இருக்கும் இல்லையா? அதை ஒரு நாகஸ்வரக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரிலிருந்து நரசிங்கம்பேட்டை எவ்வளவு தூரம், நாகஸ்வரம் செய்கிற ஊர் அது, வாசிக்கிற ஆளுக்கும் அந்தப் பக்கம் பஞ்சமில்லை. நான் நாகஸ்வரத்தைப் பாட்டில் சேர்க்கச் சொல்லவில்லை, அதை எல்லாரும் செய்துவிட்டார்கள். மின்சாரம் இல்லாமல் ஒரு ஆள் வாசித்தாலும் அது துணுக்காகக் காதில் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். நின்றால் மறுபடி வெளியிடுங்கள். நிற்கவில்லை என்றால் கடைமடை அண்ணன் சொன்னதைக் கேளுங்கள்.

நாளைப் பற்றி இன்னொன்று. ஆற்றுப்பாலத்தைப் பற்றிய பாட்டை ஐப்பசி அடைமழையில், பட்டாசுக்கு நடுவில் விட்டிருக்கிறீர்கள். ஆடிப்பெருக்கு அன்றைக்கு ஊரே ஆற்றங்கரையில்தானே நிற்கிறது? அதற்கு முந்தின வெள்ளி பாருங்கள்.

பழைய கேசட் எழுதியது:

தவில் தம்பி, ஒத்துக்கொள்கிறேன். பாட்டு இல்லாமல் வீடியோ இல்லை. ஆனால் அதே பாட்டு அந்தப் பென்சில் வீடியோ இல்லாமல் பிரிட்டனில் 137-ல் கிடந்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? 2020-ல் அது யூடியூபில் 100 கோடி பார்வையைத் தாண்டியது, வெறும் பாட்டுக்காக என்றால் சிடி போட்டுக் கேட்டுவிட்டுப் போகலாமே. சரி, இதை இத்தோடு விடுகிறேன், இல்லையென்றால் கடை சாத்தும்வரை பேசிக்கொண்டிருப்பேன். கடைதான் இப்போது இல்லை.

கீபோர்டு தம்பி, 3000 படம் வரைய உங்களிடம் காசு இல்லை, வேண்டாம். அணைக்கரைப் பாலத்தில் ராத்திரி நடப்பவனைப் பற்றிய பாட்டுக்கு நிஜமாகவே ஒருவன் அந்தப் பாலத்தில் நடந்தால் போதும். எங்கள் காலத்தில் பாட்டு பரவியது டவுன் பஸ்ஸில், டீக்கடையில். டிரைவர் கையில் ஒரு கேசட்டைச் சும்மா கொடுத்துவிட்டால் ஒரு வாரத்தில் பத்து பேர் கடைக்கு வந்து "பஸ்ஸில் போட்டானே அந்தப் பாட்டு" என்று முனகிக் காட்டுவார்கள். அந்த ஆள் இன்றைக்கு யார் என்று கண்டுபிடியுங்கள்.

குடந்தை கீபோர்டு எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், கிதார்க்காரனுக்கு லீவு கிடைக்கவில்லை.

நாகஸ்வரம் வாசிக்கிற ஒரு அண்ணனைப் பிடித்தோம். போன ஞாயிறு அவர் வீட்டுத் திண்ணையில் வைத்து எங்கள் துணுக்கை நான் போனில் போட்டுக் காட்ட, அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டு எடுத்தார். திமிரி என்கிற குட்டை நாகஸ்வரத்தில் வாசித்தார். முதல் எட்டு சுரம் அப்படியே நின்றது, அடுத்த எட்டு வெறும் சுற்றல், "இங்க ஒண்ணும் இல்லியே தம்பி" என்று அவரே சொல்லிவிட்டார். நான் ஸ்டுடியோவில் இடத்தை நிரப்புவதற்காகப் போட்டது அது. அந்த எட்டை எடுத்துவிட்டு முதல் எட்டையே திரும்ப வாசித்தால் எப்படி இருக்கிறது என்று வாசித்துக் காட்டினார். எதிர்வீட்டுப் பையன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகும்போது அதைச் சீட்டியடித்துக்கொண்டு போனான். டிரம்மர் அதைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஸ்டேட்டஸை எடுத்துவிட்டான்.

அதனால் புதிதாகப் பதிவு செய்கிறோம், இந்தத் தடவை குரலை முதலில் எடுத்துவிட்டு அதைச் சுற்றி மற்றதை வைப்பதாக முடிவு. பதிவுக்கு 11 ஆயிரம், மீதி 7 வீடியோவுக்கு. ஆடிப்பெருக்குக்கு முந்தின வெள்ளி, நாலு வாரம் முன்னால் ஏற்றுகிறோம். பங்குத்தாளில் மூன்று பேர் கையெழுத்து போட்டாகிவிட்டது. பாடகர் மட்டும் "யோசித்துச் சொல்கிறேன்" என்று தாளை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம், விநியோக அண்ணே: எட்டு சுரத்தைச் சரி செய்து கொடுத்த நாகஸ்வர அண்ணனுக்கு அந்தத் தாளில் பங்கு எழுத வேண்டுமா?

விநியோகப் பையன் எழுதியது:

முதலில் அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் அதையும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டும் என்றால் பாடகர் தாளைத் திருப்பித் தருவதற்குள் கேட்டுவிடுவது நல்லது.